ஃப்ரீசரில் ஒரே ஒரு உண்மை

மனித குலம் கண்டுபிடித்தவற்றில் உருப்படியானவை மூன்றே மூன்று: நெருப்பு, சக்கரம், லேபிள். மற்றதெல்லாம் பொழுதுபோக்கு. இதை வெங்கடகிருஷ்ணன் சிரிக்காமல் சொன்னார். சொல்லும்போது அவர் கண்களிலிருந்து நீர் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. தத்துவத்தின் கனம் அல்ல காரணம். இன்ஸ்டன்ட் காபி என்று எழுதியிருந்த பாட்டிலிலிருந்து இரண்டு ஸ்பூன் எடுத்துக் கலக்கி ஒரு மடக்கு குடித்திருந்தார். அது மிளகாய்த்தூள்.

"திரேசா, எழுதி வெச்சுக்கோ" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "லேபிள் பொய் சொல்லாது. மேல ஒண்ணு எழுதி, உள்ள வேற ஒண்ணை வெக்கறவன் ஒண்ணு அரசியல்வாதி, இல்லேன்னா கொலைகாரன். மூணாவது வகை கிடையாது."

"மூண்டாவது வகைதான் சேர் நாங்கள் எல்லாரும்" என்றாள் திரேசா. "எங்கட வீட்டில கோப்பிப் போத்திலுக்க கோப்பி இருந்த சரித்திரமே இல்லை."

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, லண்டன் என்று சுற்றி நியூ ஜெர்சியில் கரையேறியவள் திரேசா. 'டைப்பிஸ்ட் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து எடிசனில் ஒரு சலவைக் கடைக்கு மேலிருந்த இந்த அலுவலகத்துக்கு வந்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, வேலை டைப் அடிப்பது அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஏமாற்றுகிறவர்களை காரில் பின்தொடர்வது. அந்த விளம்பரமும் ஒரு லேபிள்தான் என்று அவள் பல தடவை நினைத்ததுண்டு. மரியாதை கருதிச் சொன்னதில்லை.

வெங்கடகிருஷ்ணனிடம் துப்பறிவாளர் லைசென்ஸ் இருந்தது. ஒரு துப்பாக்கியும் இருந்தது. பிளாஸ்டிக் நாடாவில் எழுத்துகளைப் பிதுக்கித் தள்ளும் லேபிள் துப்பாக்கி. க்ளிக், க்ளிக் என்று அதை அழுத்திக்கொண்டே இருப்பார். அலுவலகக் கதவில் 'கதவு' என்று ஒட்டியிருந்தது. ஜன்னலில் 'ஜன்னல்'. திரேசாவின் நாற்காலியில் 'திரேசா' என்று ஒட்டியிருந்ததால், அவள் லீவு போட்ட நாட்களிலும் அவள் வந்திருப்பதாகவே அவர் நம்பினார்.

டெலிபோன் அடித்தது. ('டெலிபோன்' என்று அதிலும் ஒட்டியிருந்தது.)

மறுமுனையில் இருந்தவர் பாலசுப்ரமணியன். வெஸ்ட் வின்ட்சரில் வீடு. மாநில அரசுக்குப் பாலம் கட்டித் தரும் எஞ்சினியர். நாலே வாக்கியம்தான் பேசினார். அவர் மனைவி ஜலஜா ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறாள். இன்று மத்தியானம் அவளை மோசடிக்காரி என்று அறிவிக்கப் போகிறார்கள். நேற்று வீட்டுக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள். எதையும் எடுத்துப் போகவில்லை.

"எதையும் எடுக்கல்லையாம்" என்றார் வெங்கடகிருஷ்ணன், கோட்டை மாட்டியபடி. "அதான் பயமா இருக்கு. தேடினது கிடைக்கலேன்னா திரும்பி வருவான்."

* * *

ரூட் ஒன்று நெடுஞ்சாலையில் மழைக்கும் பனிக்கும் இடைப்பட்ட ஏதோ ஒன்று விழுந்துகொண்டிருந்தது. 1987 பிப்ரவரி. வீடுகளெல்லாம் வெள்ளைப் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தன. பாலசுப்ரமணியனின் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே அது திறந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார் போலிருக்கிறது. ஷேவ் செய்து நாலு நாள் ஆகியிருந்த முகம்.

"வாங்க சார். டீ தரட்டுமா? காபி தரணும், ஆனா பொடி எங்க இருக்குன்னு தெரியல. எதுல எது இருக்குன்னு ஜலஜாக்குத்தான் தெரியும்."

டீ வந்தது. டீயில் சர்க்கரை இல்லை. சர்க்கரையின் இருப்பிடமும் ஜலஜாவோடு மயங்கிக் கிடந்தது.

அவர் சொன்ன கதை இது. ஜலஜா ஒரு தனியார் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மூன்று வருஷமாக ஒரே ஒரு பொருளுக்காக உழைத்து, போன மாதம் அதைச் செய்து முடித்துவிட்டாள். ஆன்ட்டிபாடி.

"எனக்கு அவ சொன்ன மாதிரியே சொல்றேன் சார். உடம்புல இருக்கற செல்லெல்லாம் பக்கத்துச் செல்லோட கை கோத்துட்டு நிக்குமாம். அந்தக் கைதான் ஒரு புரோட்டீன். சுண்டெலியோட செல்லுல அந்தக் கை எங்க இருக்குன்னு தேடிப் போய்க் கரெக்டாப் பிடிச்சுக்கும் இந்த ஆன்ட்டிபாடி."

"எலிக்குள்ள துப்பறியிற ஆள்" என்றாள் திரேசா.

"ஆமா. ஆனா பிடிச்சதும் கை விட்டுப் போயிடும். ஒண்ணா இருந்த செல்லெல்லாம் தனித்தனியா உதிர்ந்திடும். ஒரு சொட்டு போதும். அவ பண்ணின ஆன்ட்டிபாடி அப்படி." அவர் குரல் கொஞ்சம் தேய்ந்தது. "அவ அதைக் காட்டறப்ப எனக்கு ஏனோ பிடிக்கல. மைக்ராஸ்கோப்ல பார்க்கறப்ப, திருவிழாக் கூட்டத்துல குழந்தைங்க கைய விட்ட மாதிரி இருந்தது."

திரேசா டீயைக் கீழே வைத்தாள்.

விபத்துக்கு முதல் நாள் ஜலஜா புருஷனிடம் சொல்லியிருக்கிறாள்: லேபில் வைக்கப் பயமாக இருக்கிறது, ஒரு குப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எங்கே என்று சொல்லவில்லை. மறுநாள் வீடு திரும்பும் வழியில் அவள் கார் கம்பத்தில் மோதியது.

"முன்னாடி கம்பத்துல மோதின காருக்குப் பின்பக்க பம்பர் எதுக்கு சார் நசுங்கணும்? போலீஸ்கிட்ட கேட்டேன். ஸ்னோன்னு சொல்றாங்க."

"ஸ்னோ பின்னால வந்து இடிச்சதோ?" என்றாள் திரேசா. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அதற்கு மறுநாளே லேபில் இருந்த ஜலஜாவின் குப்பிகளை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். எலிச் செல்கள் கையை விடவில்லை. அசையக்கூட இல்லை. குப்பிகளில் இருந்தது வெறும் உப்புத் தண்ணீர். மூன்று வருஷமும் பொய் என்று டைரக்டர் முடிவு கட்டிவிட்டார். இன்று கூட்டம் போட்டு வேலையை விட்டு நீக்கப் போகிறார். வேலை போனால் விசா போகும், பாதியில் நிற்கும் க்ரீன் கார்டு போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் கண் திறக்கும்போது அவள் பெயருக்கு முன்னால் மோசடி என்ற வார்த்தை காத்திருக்கும்.

"சோதிச்சது யாரு?" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"டாக்டர் விசாலாக்ஷின்னு, லேப்ல பக்கத்து மேஜை. அவங்களும் இதே ஆன்ட்டிபாடிக்குத்தான் முயற்சி பண்ணிட்டிருந்தாங்க. நம்மூர்க்காரங்கதான். எனக்கு போன் பண்ணி அழுதாங்க சார், 'இப்படி ஆயிடுத்தே'ன்னு. தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து ஜலஜா பக்கத்துலயே உட்காந்திருக்காங்க."

"இந்த வீட்டுக்கு வந்திருக்காங்களா?"

"லேப்ல இருந்து யாருமே வந்ததில்ல. ஜலஜா வேலையை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டா. அந்த ஒரு குப்பியைத் தவிர."

கூடத்தில் டெலிபோன் மணி அடித்தது. ஆஸ்பத்திரியாக இருக்கும் என்று பாலசுப்ரமணியன் ஓடினார். துப்பறிகிற இருவரும் சமையலறைக்குள் போனார்கள்.

* * *

பின்கதவுப் பூட்டில் கீறல் இருந்தது. வெளியே படிகளின் மேல் பனி மழமழவென்று கிடந்தது; போகும்போது காலடிகளை யாரோ விளக்குமாறால் பெருக்கிவிட்டுப் போயிருந்தார்கள். இவ்வளவு சுத்தமான திருடனைத் திரேசா பார்த்ததில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"ஆன்ட்டிபாடி சில்லுன்னு இருக்கணும்" என்று வெங்கடகிருஷ்ணன் ஃப்ரீசரைத் திறந்தார்.

கிழட்டு ஃப்ரீசர். உள்ளே சுவரெல்லாம் உறைபனி தாடி வளர்த்திருந்தது. மேல் தட்டில் வனிலா ஐஸ்கிரீம் டப்பா, ஸ்ட்ராபெரி ஐஸ்கிரீம் டப்பா, மார்ஜரின் டப்பா, விப்ட் க்ரீம் டப்பா. கீழ்த் தட்டில் ஒரு பட்டாணி பாக்கெட், ஒரு சோளப் பாக்கெட், வெள்ளையாகச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

வெங்கடகிருஷ்ணன் விரலை நீட்டினார். மேல் தட்டு டப்பாக்களின் மூடிகளில் மட்டும் உறைபனி இல்லை. துடைத்த மாதிரி இருந்தது. கீழ்த் தட்டுச் சரக்குகளின் மேல் பனித்தாடி கலையாமல் இருந்தது.

"புரியுது" என்றார். "திருடனுக்கு ஐஸ்கிரீம் பைத்தியம்."

"ஐஸ்கிரீம் தின்ன ஆர் சேர் பனிக்குள்ளால பின்கதவை உடைச்சுக்கொண்டு வருவினம்?" திரேசாவின் குரல் தாழ்ந்தது. "வெள்ளைக்காரன் வந்திருந்தால் என்ன செய்திருப்பான்? ஐஸ்கிரீம் எண்டு எழுதியிருந்தால் ஐஸ்கிரீம் எண்டு விட்டிட்டுப் போயிருப்பான். வந்த ஆள் நேர இந்த நாலையும்தான் திறந்திருக்கிறார். பட்டாணியைத் தொடயில்லை. சோளத்தைத் தொடயில்லை. ஐஸ்கிரீம் டப்பாவுக்க ஐஸ்கிரீம் இராது எண்டு தெரிஞ்ச ஆள். சேர், வந்தது எங்கட ஆள்."

வெங்கடகிருஷ்ணன் நெருப்பும் சக்கரமும் மட்டும் மிஞ்சிய மனிதனைப் போல நின்றார்.

"நாங்களும் பாத்திடுவம்" என்று திரேசா டப்பாக்களை இறக்கினாள். வனிலாவில் சாம்பார். ஸ்ட்ராபெரியில் காபிப் பொடி. மார்ஜரினில் தேங்காய்த் துருவல். விப்ட் க்ரீமில் கீரை மசியல், கல்லாக உறைந்து. விரலால், கரண்டியால் அடிவரை குத்திப் பார்த்தாள். குப்பி இல்லை. பாலசுப்ரமணியனின் குரல் கூடத்தில் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. டப்பாக்களை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"அந்தச் சின்னப் பெட்டி?" என்றார் அவர்.

"அது தேங்காய் சேர்."

"எப்படித் தெரியும்?"

"மேல பாருங்கோ. ஆன்ட்டிபாடி எண்டு பெரிய இங்கிலீஷ் எழுத்தில எழுதியிருக்கே. அப்ப உள்ளுக்க என்னவும் இருக்கும், அது மட்டும் இராது."

சொல்லி முடித்த பிறகுதான் திரேசாவுக்குத் தன் குரலே கேட்டது. இருவரும் அந்தப் பெட்டியைப் பார்த்தார்கள். வெங்கடகிருஷ்ணன், கோயிலில் தீபாராதனைத் தட்டைத் தொடுகிற பயபக்தியோடு அதை வெளியே எடுத்து, மூடியை நெம்பினார்.

பஞ்சுக்கு நடுவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குப்பி படுத்திருந்தது. அதன் மேல் ஜலஜாவின் கையெழுத்து.

"லேபிள்" என்றார் அவர். பெட்டியை அவளிடம் நீட்டினார். "பொய் சொல்லாது."

திரேசாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அப்படியே வேறொன்றாக மாறியது. ஒரு தமிழ் வீட்டுச் சமையலறையில் உள்ளதை உள்ளபடி எழுதி வைத்திருக்கிறாள் ஜலஜா. அவளுடைய மற்ற டப்பா எதிலும் அப்படிச் செய்யவில்லை.

"சேர், அவவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "தேடி வரப்போறது ஆர் எண்டு."

ஜலஜா அப்படியேதான் இருக்கிறாள் என்று டெலிபோனில் கேட்டுவிட்டு வந்த பாலசுப்ரமணியனிடம் குப்பியைக் காட்டிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது.

* * *

முன் ஜன்னல் வழியே திரேசா முதலில் பார்த்தது காரை. வெள்ளைக் கார். வலது பக்க முன்விளக்கு உடைந்து, ஒரு கண் போன முகத்தோடு வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகுதான் வாசலில் நின்ற அம்மாளைப் பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். புடவைக்கு மேல் நீள ஓவர்கோட். கையில் தூக்குப் பாத்திரம். நெற்றியில் குங்குமம் நேராக, அளந்து வைத்த மாதிரி.

"நான் விசாலாக்ஷி. ஜலஜாவோட லேப்" என்றாள். "பாலு சார், ரசம் சாதம் கொண்டு வந்திருக்கேன். நீங்க சாப்பிட்டே மூணு நாளாயிருக்கும். எத்தனை நாளா வரணும்னு நினைச்சிண்டிருக்கேன்... இந்த வீட்டுக்குள்ள கால் வெக்கறது இதான் முதல் தடவை பாருங்கோ. அதுவும் இப்படியொரு சமயத்துல."

பாலசுப்ரமணியன் கண் கலங்கிப் போனார். கலங்கிய கண்ணோடு, குப்பி கிடைத்த செய்தியை ஒளிக்காமல் அவளிடம் சொல்லியும்விட்டார். திரேசா அவர் காலை மிதிக்கலாம் என்று பார்த்தாள், தூரம் அதிகம்.

"கிடைச்சுடுத்தா!" விசாலாக்ஷி கையைக் கூப்பினாள். வாய் சிரித்தது. கண்கள் அந்தச் சிரிப்பில் கலந்துகொள்ளவில்லை. "எங்கே இருந்தது?"

"ஃப்ரீசர்ல" என்றார் வெங்கடகிருஷ்ணன், நெஞ்சை நிமிர்த்தி. "ஒரு சின்னப் பெட்டியில. ஆன்ட்டிபாடின்னு லேபிள் ஒட்டி."

ஒரு வினாடி விசாலாக்ஷியின் முகம் காலியாக இருந்தது. சீட்டாட்டத்தில் தன் கையிலிருந்த சீட்டைத் தானே கீழே போட்டுவிட்டவள் முகம்.

"லேபிள் ஒட்டியா" என்றாள். "கெட்டிக்காரி. ஆஸ்பத்திரில அவ கையைப் பிடிச்சிண்டேதான் உட்காந்திருப்பேன். கண் முழிச்சா முதல்ல என்கிட்டதான் பேசுவான்னு நர்ஸ்கிட்டகூட சொல்லி வெச்சிருக்கேன்." பிறகு சுதாரித்துக்கொண்டு, "எல்லாரும் இப்படி வாடிப் போயிருக்கேளே. ஒரு வாய் காபி கலந்துண்டு வரேன். சமையலறை எந்தப் பக்கம்?"

பாலசுப்ரமணியன் வழி காட்டினார். திரேசா பின்னாலேயே போய் வாசற்காலில் சாய்ந்து நின்றாள்.

விசாலாக்ஷி அடுப்பில் தண்ணீர் வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். ஃப்ரீசரைத் திறந்தாள். வனிலாவைத் தொடவில்லை. மார்ஜரினைத் தொடவில்லை. நேராக ஸ்ட்ராபெரி டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, ஸ்பூனை விட்டாள்.

"அட!" என்றார் பாலசுப்ரமணியன் வெகு சந்தோஷமாக. "அதுலயா இருக்கு காபிப் பொடி? எனக்கே தெரியாது!"

திரேசா வாசற்காலிலிருந்து நிமிர்ந்தாள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு பொய் உண்டு. ஒரு வீட்டில் காபிப் பொடி பிஸ்கட் டின்னில், இன்னொரு வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில். இந்த வீட்டுப் பொய் ஸ்ட்ராபெரி என்பது வீட்டுக்காரருக்கே தெரியாது. டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். திரேசாவின் முதுகுத்தண்டில் அந்த ஃப்ரீசரின் உறைபனி இறங்கியது. அவள் வெங்கடகிருஷ்ணனைப் பார்த்தாள். கண்ணால், புருவத்தால், கழுத்தால் சைகை செய்தாள்.

அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. "அந்தப் பழைய லேபிள் ஈரத்துல உரியுது" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். "என் துப்பாக்கியை எடுக்கணும்."

விசாலாக்ஷியின் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது.

"லேபிள் துப்பாக்கி" என்று கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார் அவர். "நீங்க எல்லாரும் கூடத்துல உட்காந்து காபி சாப்பிடுங்க. நான் இதைச் சீல் பண்ணி, புது லேபிள் ஒட்டிக் கொண்டு வரேன். லேபிள் விஷயத்துல எனக்கு யாரும் உதவி பண்ணக் கூடாது."

கூடத்தில் காபி குடித்தார்கள். அருமையான காபி. திரேசா ஒரு மடக்கோடு கீழே வைத்துவிட்டாள். உள்ளே க்ளிக், க்ளிக், க்ளிக் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. கொலை செய்யப் பார்த்தவள் கூடத்தில் இருக்க, இந்த மனுசன் உள்ளே எழுத்துக்கூட்டுகிறாரே என்று அவளுக்கு எரிந்தது.

வெளியே வந்த வெங்கடகிருஷ்ணனின் ஒரு கையில் டேப் சுற்றிய வெள்ளைப் பெட்டி. அதன் மேல் பளபளவென்று புது லேபிள்: ஆன்ட்டிபாடி, சுண்டெலி, கவனம். இன்னொரு கையிடுக்கில் விப்ட் க்ரீம் டப்பா.

"பாலு சார், இந்தக் கீரை மசியலை மத்தியானத்துக்கு எடுத்துட்டுப் போறேன். வீணாப் போறதே."

திரேசாவுக்குப் பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. பெண்டாட்டி மயங்கிக் கிடக்கிற மனுசனின் வீட்டில் கீரை கேட்டு வாங்குகிறார்.

"நான் நேரா லேபுக்குத்தான் போறேன்" என்றாள் விசாலாக்ஷி, கையுறையை மாட்டிக்கொண்டே. "பெட்டியை என்கிட்ட குடுங்கோ. டைரக்டர் கையிலேயே குடுத்துடறேன். உங்களுக்கெதுக்கு சிரமம்?"

திரேசா இந்தத் தடவை தூரம் பார்த்து வைத்திருந்தாள். வெங்கடகிருஷ்ணனின் காலை நன்றாகவே மிதித்தாள். அவரோ, "தாராளமா மாமி" என்று பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

வாசலில் பாலசுப்ரமணியனின் காதோடு ஏதோ சொன்னார். அந்த மனிதர் வெளிறிப் போய், தலையை ஆட்டிவிட்டு டெலிபோனை நோக்கி நடந்தார்.

* * *

"ஹீட்டர் போடாதே" என்றார் காரில் ஏறியதும்.

"விறைக்குது சேர்!"

"விறைக்கட்டும். அந்தக் காரை விடாதே."

திரேசா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். குளிரில் ஒரு பாதி, கோபத்தில் மறு பாதி. "கோப்பி டப்பாவை எடுத்ததைப் பாத்தனீங்களோ இல்லையோ? நேர ஸ்ட்ராபெரி! ஒரு தரம் யோசிச்சவவோ? அவவின்ட காரில முன் லைட் உடைஞ்சிருக்கு, ஜலஜாவின்ட காரில பின்பக்கம் நசுங்கியிருக்கு. எல்லாத்தையும் பாத்திட்டு, கொண்டுபோய்ப் பெட்டியைக் குடுக்கிறியள். அதுக்கு ஒரு புது லேபிள் வேற!"

"பாத்தேன்" என்றார் அவர். மடியில் கீரை டப்பாவை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். "முன்னாடி பாத்து ஓட்டு."

வெள்ளைக் கார் லேபுக்குப் போகிற சாலையில் திரும்பவில்லை. கால்வாயை நோக்கிப் போகும் குறுகலான சாலையில் இறங்கியது. இரண்டு பக்கமும் மொட்டை மரங்கள். மரப்பாலத்தின் நடுவில் நின்றது. திரேசா தூரத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். வெங்கடகிருஷ்ணன் இன்ஷூரன்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் நீளக் கண் காமிராவைக் டாஷ்போர்டுப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

விசாலாக்ஷி இறங்கினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். காமிரா ஒரு தடவை க்ளிக் என்றது. படத்தில் பெட்டியும் முகமும் கார் நம்பரும் ஒன்றாக விழுந்தன. பிறகு அவள் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, கைப்பிடிக் கட்டைக்கு அப்பால், கீழே எறிந்தாள்.

காமிரா இன்னொரு தடவை க்ளிக் என்றது.

"போச்சு!" திரேசா கதவைத் திறந்தாள். "மூண்டு வருசம் போச்சு! அந்தப் பிள்ளை இனி என்னத்தைச் சொல்லி..."

"இரு" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

கால்வாய் உறைந்திருந்தது. பெட்டி பனிக்கட்டியில் மோதிப் பிளந்தது. உள்ளேயிருந்து வெள்ளையாக ஏதோ சிதறி, பனியின் மேல் பனியாகப் பரவியது. கண்ணாடி உடைகிற சத்தம் வரவில்லை. பாலத்தின் மேலே நின்றவள் கட்டையைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். எங்கிருந்தோ இரண்டு காக்கைகள் இறங்கி, அந்த வெள்ளையைக் கொத்தித் தின்ன ஆரம்பித்தன.

ஆன்ட்டிபாடி இருந்த பெட்டியைத் தேங்காய் என்று நேற்று விட்டுவிட்டுப் போனவள், இன்று தேங்காயை ஆன்ட்டிபாடி என்று நம்பிக் கால்வாயில் போட்டிருந்தாள்.

விசாலாக்ஷி மெல்ல நிமிர்ந்தாள். சாலையின் கோடியில் நின்ற காரை அப்போதுதான் பார்த்தாள். ஓடவில்லை, கத்தவில்லை. கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, தன் ஒற்றைக்கண் காரில் ஏறிப் போனாள். திரேசா எஞ்சினைக் கிளப்பினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போறாவோ சேர்?"

"போகட்டும். பாலு கட்டில் பக்கத்துல உட்காந்திருப்பார். அவர் கூப்பிட்ட போலீஸ்காரர் வாசல்ல இருப்பார். நீ லேபுக்கு விடு. ஹீட்டர் மட்டும் போடாதே. கீரை உருகிடும்."

திரேசா அவர் மடியைப் பார்த்தாள். விப்ட் க்ரீம் என்று எழுதியிருந்த டப்பாவைப் பார்த்தாள். அவர் மூடியின் ஓரத்தை லேசாகத் தூக்கிக் காட்டினார். கல்லாக உறைந்த கீரையில் கரண்டியால் குடைந்த ஒரு சின்னக் குழி. குழியில், பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சுண்டுவிரல் நீளத்துக் குப்பி.

"அப்ப கூடத்தில எனக்குக் கேட்ட அந்தக் க்ளிக், க்ளிக்... தேங்காய்க்குப் பொய் லேபிளோ சேர்?"

வெங்கடகிருஷ்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது மட்டும் சிவந்திருந்தது.

* * *

டைரக்டர் முதலில் நம்பவில்லை. பிறகு ஒரு சொட்டை எலிச் செல்களின் மேல் விட்டுவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். அடுத்தது திரேசா பார்த்தாள். ஓடு பதித்த தரை போல ஒட்டிக்கொண்டிருந்த செல்கள், யாரோ காதில் ஏதோ சொன்ன மாதிரி, ஒவ்வொன்றாகக் கையை விட்டன. உருண்டன. தனியாக நின்றன. பாலசுப்ரமணியன் சொன்னது சரிதான், பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் ஜலஜா மூன்று வருஷம் பொய் சொல்லவில்லை.

கூட்டம் ரத்தானது. டைரக்டர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு போலீசுக்கு டெலிபோன் பண்ணப் போனார். மிச்சக் குப்பியைப் போலீஸ் வரும்வரை பத்திரமாக வைத்திருக்கும்படி வெங்கடகிருஷ்ணனிடமே கொடுத்துவிட்டார். லேபின் எல்லா ஃப்ரீசருக்கும் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பது இப்போது அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பாலசுப்ரமணியன் பேசினார். விசாலாக்ஷி அங்கே வரவில்லை.

வெளியே சாயங்காலம் அவசரமாக இருட்டிக்கொண்டு வந்தது. திரேசா ஊழியர்கள் சாப்பிடும் அறையின் ஜன்னலில் நின்றிருந்தாள். கார் நிறுத்துமிடத்தின் கோடியில் ஒரு வெளிச்சம் திரும்பியது. இரண்டல்ல, ஒன்று. அந்த ஒற்றை வெளிச்சம் பனியைத் தடவிக்கொண்டே வந்து, கட்டடத்துக்கு நேராக நின்று, அணைந்தது.

"சேர்" என்றாள். "வந்திட்டா."

திரும்பிப் பார்த்தாள்.

வெங்கடகிருஷ்ணன் ஊழியர்களின் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் முழங்காலிட்டிருந்தார். எவரெவரோ கொண்டுவந்து வைத்த மதியச் சாப்பாட்டு டப்பாக்களைப் பதமாக ஒதுக்கி, நடுவில் ஓர் இடம் பண்ணிக்கொண்டிருந்தார். குப்பியை மறுபடி கீரைக் குழிக்குள் இறக்கி, விப்ட் க்ரீம் டப்பாவை அதில் வைத்தார். சற்று யோசித்தார். கோட்டுப் பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, சத்தம் வராமலிருக்கக் கோட்டின் ஓரத்தால் அதைப் பொத்திக்கொண்டு, ஓர் எழுத்தாக, இன்னோர் எழுத்தாக அழுத்தினார். நாடாவைக் கிழித்து டப்பாவின் மேல் ஒட்டி, பெருவிரலால் இரண்டு தடவை நீவிவிட்டார்.

திரேசா குனிந்து படித்தாள். 'பழைய கீரை. யாரும் தொட வேண்டாம்.'

"சேர், லேபிள் பொய் சொல்லாது எண்டு..."

"உள்ள கீரையும் இருக்கே" என்று முணுமுணுத்து, வெங்கடகிருஷ்ணன் ஃப்ரிட்ஜ் கதவை ஓசையில்லாமல் மூடினார்.